கயிறு கட்டி ஓட்டிய வண்டி

அந்த எஞ்சின் எங்கள் வீட்டுக்குச் சாக்கில் சுற்றி வந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். சாக்கிலிருந்து கறுப்பு எண்ணெய் வடிந்து, நான் முந்தின நாள்தான் வெளுத்துக் கொடுத்த வேட்டியில் கோடு கோடாக இறங்கியிருந்தது. எனக்கு வேட்டிதான் முதலில் கண்ணில் பட்டது. என்ன இது என்று கேட்டேன். வண்டி என்றார். எட்டிப் பார்த்தேன். வண்டி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அடுக்கடுக்காக மடிப்பு வைத்த ஓர் இரும்புக் கட்டி, அதன் வயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு குழாய், அவ்வளவுதான். தரையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அரிசிப் பெட்டியின் மேல் வைக்கட்டுமா என்று என்னையே கேட்டார். அரிசிப் பெட்டியின் மேலா எண்ணெய்ச் சாமான் என்று சத்தம் போட்டுவிட்டு, கிழக்குச் சுவர் ஓரமாக ஒரு பழைய பலகையை எடுத்துப் போட்டேன். அவர் கேட்காமலே நான் கொடுத்த சம்மதம் அந்தப் பலகைதான்.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் தூத்துக்குடியை விட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. முகாமில் தண்ணீர் இறைக்க அவர்கள் வைத்திருந்த சின்ன எஞ்சின் ஒன்று பழைய இரும்போடு இரும்பாக வெளியே வந்தது. துறைமுகத்துப் பட்டறையில் எஞ்சின் பூட்டிக் கழற்றுகிற வேலை பார்த்த பிட்டர் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்காரருக்காகப் பிடித்து வைத்திருந்தார். நான் அதிகம் படித்தவள் அல்ல. கோயில் பள்ளிக்கூடத்தில் செபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குக் கற்றேன். எழுதினாலும் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் என்ன நடந்தது என்பதை வேறு ஒருவர் வந்து எனக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஊர் அதைப் பலவிதமாகச் சொல்லிவிட்டது. நான் பார்த்தது இது.

எங்கள் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிப்பு அவருடைய அப்பா காலத்தோடு நின்றிருந்தது. கடலடிப் பாரில் சிப்பி விளையவில்லை என்று சர்க்கார் விட்டுவிட்டது. சங்கு மட்டும் உண்டு. கார்த்திகை மழை ஓய்ந்து கடல் தெளிந்ததும் இறங்குவார்கள், மேற்கேயிருந்து கச்சான் காற்று எழுந்து தண்ணீர் கலங்கினால் கரையேறுவார்கள். முங்குகிறவனுக்கு இரண்டு கயிறு. ஒன்றில் கல் கட்டியிருக்கும். அதில் காலை ஊன்றினால் கல் அவனைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். மற்றது அவன் இடுப்பில். மூச்சு முட்டும்போது அதை அவன் ஓர் இழுப்பு இழுப்பான். மேலே தோணியில் நிற்கிறவன் கையில் அது தட்டும். தட்டியதும் இரண்டு கையாலும் வாரி இழுத்துவிட வேண்டும். எதற்குத் தட்டியது, ஏன் தட்டியது என்று யோசிக்கக்கூடாது. யோசிக்கிறவன் கையில் எவனும் கயிற்றைக் கொடுக்கமாட்டான்.

அந்தக் கயிற்றை எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனிடம் கொடுப்பதுதான் வழக்கம். தன் கூடப்பிறந்தவனிடம் கொடுக்கமாட்டார்கள். அவனுக்குப் பங்கு, பாகம், வீடு, மனை என்று ஆயிரம் நினைப்பு வரலாம். மச்சான்காரன் அப்படி இல்லை, தங்கச்சி கழுத்தை நினைத்தாவது கையை அசரவிடமாட்டான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் நிறத்தையும் சமையலையும் விசாரிப்பதற்கு முன்னால் பெண்ணுக்கு அண்ணன் உண்டா, கைப்பலம் எப்படி என்றுதான் கேட்டார்களாம். என் அண்ணனை வரச்சொல்லி, நங்கூரக் கயிற்றை இழுக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை மாற்றினார்கள். அண்ணன் அதை அடிக்கடி சொல்லிக் காட்டுவான். "ஏளா, உன்னையா கட்டினாரு மாப்பிள? என்னையில்லா கட்டினாரு" என்பான். அவனுக்குக் கையும் பெரிது, வாயும் பெரிது. இரண்டு பேரும் கடலுக்குப் போகும்போதும் வரும்போதும் ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டேதான் நடப்பார்கள். அவர்கள் சிரிப்பு கேட்டால் நான் உலையில் அரிசி போடுவேன். அது எனக்குக் கணக்கு.

எனக்கு முதல் குழந்தை பிறந்த வருஷம், தலையணையில் ரத்தம் பார்த்தேன். அவர் இடது காதிலிருந்து வந்தது. முங்குகிறவர்களுக்கு இது உள்ளதுதான் என்று சொல்லி, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுக்கொண்டு மறுபடியும் போனார். பிறகு சீழ் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மா விளக்கு வைத்து இரண்டு காதையும் பார்த்துவிட்டு, இடது காது போய்விட்டது, இனிமேல் தண்ணீருக்கடியில் போனால் வலது காதும் போகும், பிறகு தலைமாட்டில் பீரங்கி வெடித்தாலும் கேட்காது என்று சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டு வாசலில் வந்துதான், பிள்ளை எப்போது பேச ஆரம்பிக்கும் என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியோடு எனக்கு உறுதி வந்துவிட்டது. இவர் கடலை விட்டாகவேண்டும். இவருக்குக் காது மிஞ்சவேண்டும்.

கடலை விட்டுவிட்டு என்ன செய்வது? அதற்குத்தான் வண்டி. காலையில் கரைக்கு வருகிற மீன் தலைச்சுமையாக ஓட்டப்பிடாரம் போய்ச் சேருவதற்குள் வெயிலில் கண் வெளுத்துவிடும். அதற்கு அந்தப்பக்கத்து ஊர்களில் நல்ல மீனைப் பார்த்தவர்களே குறைவு. ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் பனி ஈரம் காயுமுன் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. மோட்டார் சைக்கிள் என்றால் இப்போது நீங்கள் நினைக்கிற வண்டி அல்ல. அவர் சின்னப் பையனாக இருந்தபோது பஞ்சாலைத் துரை ஒருவர் ஒரு வண்டி வைத்திருந்தாராம். பார்க்கச் சைக்கிள்தான். நடுவில் மட்டும் வயிறு வைத்ததுபோல எஞ்சின் தொங்கும். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் வார். மிதித்துக் கிளப்பிவிட்டால் அதுவாக ஓடும். அந்த வண்டிக்குப் பின்னால் கடற்கரைச் சாலை முழுவதும் ஓடியிருக்கிறார். அவர் பெரியவராவதற்குள் அப்படிப்பட்ட வண்டி சீமையிலேயே வழக்கொழிந்துவிட்டது என்று பிட்டர் அண்ணாச்சி சொன்னார். இப்போது வருவதற்கெல்லாம் சங்கிலி, கிளச்சு என்று ஏகப்பட்டது உண்டு தம்பி, அது நம்மால் ஆகாது என்றார். அப்படியானால் அந்தப் பழைய வண்டிதான் நமக்கு ஆகும் என்று இவர் சொல்லிவிட்டார். ஓர் எஞ்சின், ஒரு வார், ஒரு சக்கரம். அவர் கண்ணுக்குள் அந்தத் துரையின் வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்த என் சுவரில் அடுப்புக்கரியால் அதை வரைந்தும் வைத்தார். நான் அழிக்கவில்லை.

கடல் கலங்கிக் கிடந்த அந்தக் கச்சான் மாதங்கள் முழுவதும் எங்கள் முற்றம் பட்டறையாக இருந்தது. பழைய சீமைச் சைக்கிள் ஒன்றைக் கழற்றினார். எஞ்சின் கனத்தைச் சைக்கிள் கம்பி தாங்காது என்று கொல்லரிடம் போய் இரண்டு பட்டை அடித்துவந்து கம்பியின் இருபக்கமும் முடுக்கினார். முன்சக்கரத்துக் கவட்டையிலும் அப்படியே செய்தார். எண்ணெய்த் தகரத்தை வெட்டி, ஈயம் பற்றவைத்து, பெட்ரோல் ஊற்றும் தொட்டி ஆக்கினார். தோணிக்கு அடிக்கிற பச்சைச் சாயத்தை அதற்கு அடித்தார். பின்சக்கரத்தின் கம்பிகளோடு சேர்த்து, வார் ஓடுவதற்குப் பள்ளம் வைத்த ஒரு மர வளையத்தைப் பூட்டினார். அதற்கு மட்டும் தச்சரிடம் மூன்று நான்கு தரம் நடந்திருப்பார். சக்கரம் சுற்றும்போது வளையம் ஆடும், கழற்றுவார், சீவுவார், மறுபடியும் பூட்டுவார்.

வார்தான் அவரை அழவைத்தது. தோலை வெட்டித் தைத்து மாட்டினால் காலையில் இறுக்கமாக இருக்கும், சாயங்காலம் கடல் ஈரத்தில் தொளதொளவென்று தொங்கும். மிதித்தால் சக்கரம் சுற்றும், வார் வழுக்கும், எஞ்சின் சும்மா நிற்கும். தோணியின் இடுக்கில் பூசுகிற குங்கிலியத்தைப் பொடித்து வாரில் தேய்த்துப் பார்க்கலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. தேய்த்ததும் வார் பூனை நகம்போலச் சக்கரத்தைக் கவ்வியது. அன்றைக்கு வீடெல்லாம் கோயில் தூப வாசனை. பெட்ரோல் அப்போது கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். பின்சக்கரத்தைத் தூக்கிப் பலகை முட்டுக்கொடுத்து, மிதியை மிதித்தார்கள். இரண்டு தரம் இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிள்ளை வீறிட்டு அழுதது. காக்கை எல்லாம் பறந்தது. அவர் குனிந்து வலது காதைத் தொட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டார். கேட்டுக் கேட்டு ஒரு திருகைக் கொஞ்சம் திருப்புவார், மறுபடியும் காதை வைப்பார். இருமல் போய் அது சீராகப் பேச ஆரம்பித்தது. அவர் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்ததுபோல முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

எஞ்சின் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. என் அண்ணன் வீட்டுக்கும் கேட்டது. மறுநாள் மதினி வந்தாள். வந்தவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருந்தாள், பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஏளா, உன் வீட்டுக்காரர் கரையேறிட்டா எங்க வீட்டுக்காரர் யாரு கயித்தப் பிடிப்பாரு?"

மச்சானுக்குத்தான் கயிறு என்றால், தங்கச்சி மாப்பிள்ளை முங்காவிட்டால் என் அண்ணனுக்குக் கயிறு இல்லை. அவனுக்கு என்னைத் தவிர வேறு தங்கச்சி இல்லை. ஒவ்வொருவனுக்கும் அவனவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பி உண்டு. இவனை யார் சேர்ப்பார்கள்? மற்றவர் தோணியில் துடுப்புப் பிடிக்கிற கூலியாகத்தான் போகவேண்டும். தோணி முகப்பில் நின்றவனுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் வீட்டிலும் பிள்ளைகள். என் புருஷனுக்குக் காது வேண்டுமென்றால் என் அண்ணனுக்குச் சோறு போகும் என்று அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. கடவுள் இருக்கிறார் மதினி என்று என்னவோ சொல்லி அனுப்பினேன்.

அண்ணன் அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. அவன் வழக்கம்போல வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கேலி பேசினான். தோணியில் பாய் இருக்கிறது, இதற்குப் பாய் எங்கே என்பான். கடலில் மீன் துரத்தும், ரோட்டில் நாய் துரத்தும் என்பான். ஒருநாள் சிரித்துக்கொண்டே, "மாப்பிள ரோட்டுல முங்கப் போறாரு. அப்ப ரோட்டுலயும் நான்தான் கயிறு பிடிக்கணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "ஆமா மச்சான். நீரு பிடிக்காம நான் எதுலயும் இறங்குறதா இல்ல. நீரே வந்து பிடியும்" என்றார். அண்ணன் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. தன்னைக் கழற்றிவிடுவதாக அண்ணன் நினைத்துவிடக்கூடாது என்று அவருக்கு இருந்தது. மீன் வியாபாரத்திலும் அவனைச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதை அவனிடம் வண்டி ஓடின பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தார்.

அந்த வண்டியை நிறுத்துவது லேசல்ல. எஞ்சின் ஓடுகிறவரைக்கும் சக்கரம் ஓடும். கைப்பிடியில் உள்ள ஒரு சின்ன நெம்பை அழுத்தினால் எஞ்சின் அணையும். அது சமயத்தில் கேட்கும், சமயத்தில் கேட்காது. உப்பளத்துச் சாலையில் வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அந்தச் சாலையின் ஓரத்திலேயே அளத்துக்குக் கடல் தண்ணீர் போகிற வாய்க்கால். வண்டி கட்டுக்கு அடங்காமல் போனால் நேரே அதற்குள்தான். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் வண்டியைத்தான் கட்டிப் பிடித்திருப்பார்கள், அல்லது சும்மா ஓட்டிப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆபத்து என்றால் ஒரே ஒரு வழிதான் தெரியும். ஆளின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மச்சான் கையில் கொடுப்பது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் போனோம். கடலுக்குக் கொண்டுபோகிற அதே கயிறு. அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, கடலில் கட்டுகிற அதே முடிச்சாக இடுப்பில் கட்டிக்கொண்டார். கயிறு நெடுநீளம், ஆழத்துக்கு விடுகிறதல்லவா? கயிறு தீருமுன் எஞ்சினை அணைத்துவிடுவேன், அணையவில்லை என்றால் ஒரு தட்டுத் தட்டுவேன், என்னை இழுத்துவிடும் என்று அண்ணனிடம் சொன்னார். பிட்டர் அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. "வண்டிக்கா தம்பி கயிறு? மாட்டுக்குல்லா கட்டுவாங்க" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து ஆளை இழுத்தால் ஆள் என்ன ஆவான் என்று கேட்டார்.

"வண்டி போனாப் போவுது அண்ணாச்சி. ஆளு வந்தாப் போதும்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

தண்ணீரில் ஆளை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். ரோடு தாங்காது. அங்கே நின்ற முங்குகிறவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கயிற்றைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சுப் படபடப்புக் குறைந்தது என்பதுதான் உண்மை.

அண்ணாச்சி பின்னாலிருந்து தள்ளினார். எங்கள் வீட்டுக்காரர் மிதித்தார். எஞ்சின் இருமியது, பிடித்தது. வண்டி முதலில் குடித்தவன்போல ஆடியது, பிறகு நேரானது. நானும் மற்றப் பெண்களும் அளத்து வரப்பில் நின்றோம். எங்களைத் தாண்டிப் போகும்போது அவர் திரும்பிப் பார்த்தார். பற்கள் தெரிந்தன. அண்ணன் சாலை நடுவில், தோணி முகப்பில் நிற்பதுபோலவே காலை அகட்டி நின்று, சுருளிலிருந்து கயிற்றை விட்டுக்கொண்டிருந்தான். கயிறு சாலையில் பாம்பாக ஓடியது. வண்டி நேராகத்தான் போனது. வாய்க்கால் பக்கம் சாயவில்லை. கயிறும் இன்னும் மிச்சம் இருந்தது. அப்போது அண்ணன் இழுத்தான். இரண்டு கையாலும், உடம்பை முழுவதும் பின்னால் சாய்த்து, அடியாழத்திலிருந்து ஆளைத் தூக்குகிற இழுப்பு. எங்கள் வீட்டுக்காரர் இருக்கையிலிருந்து பின்னால் பறந்து வந்து விழுந்தார். சாலை ஓரத்துக் கல்லில் இடுப்பு மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. வண்டி ஆளில்லாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. வெகுதூரம் போனது. பிறகு தானாகத் தலையைத் திருப்பி, சரிவில் இறங்கி, வாய்க்காலுக்குள் போயிற்று. புஸ்ஸென்று ஆவி எழும்பியது. அதோடு சத்தம் நின்றது.

நான் நின்ற இடத்திலிருந்து அண்ணனுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை. அவன் ஓடிப்போய் அவரை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, "கயிறு தட்டிச்சுளா, கையில தட்டிச்சு, அதான் இழுத்தேன்" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். கயிறு போன வழியில் ஓர் உடைமுள் மரத்து வேர் மண்ணுக்கு வெளியே வளைந்து கிடந்தது. அதில் சிக்கி விடுபட்டிருந்தால் கையில் தட்டியதுபோலத்தான் இருக்கும் என்று அண்ணாச்சி பிறகு சொன்னார். சிக்காமல் இருந்தும் இருக்கலாம் என்று அவரேதான் சொன்னார்.

ஊருக்கு அந்தச் சந்தேகம் எல்லாம் இல்லை. குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். மாப்பிள்ளை கரையேறிவிட்டால் இவன் பாடு என்ன, அதனால்தான் கையோடு இழுத்து மறுபடியும் கடலுக்கே திருப்பப் பார்த்தான் என்றார்கள். நான் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து அவர்கள் நடுவிலேயே நடந்து வந்தேன். எங்கள் வீட்டில் பேசவேண்டியதை எங்கள் வீட்டில் பேசிக்கொள்வோம் என்று ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். ஆனால் வீட்டில் பேசினோமா? தொடையெலும்பு முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கிடந்தவரிடம் ஒருநாள் கேட்டேன், நீங்கள் கயிற்றை இழுத்தீர்களா என்று. இல்லை என்றார். அப்புறம் என்றேன். "தட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சுவரில் அவர் வரைந்த கரி வண்டி இருந்தது. அன்றைக்கு நான் அதைச் சுண்ணாம்பால் அழித்தேன்.

அண்ணன் தினமும் வந்தான். அவரைத் தூக்கி உட்காரவைப்பதும், வெளியே கொண்டுபோவதும் அவன்தான். கேலி மட்டும் வாயிலிருந்து போய்விட்டது. எலும்பு கூடியது, ஆனால் கால் குட்டையாகக் கூடியது. வண்டியை வாய்க்காலிலிருந்து எடுத்து அண்ணாச்சி மண்ணெண்ணெயில் கழுவி ஒருவழியாக எஞ்சினைப் பேசவைத்துவிட்டார். ஆனால் அதை மிதித்துக் கிளப்ப இரண்டு காலும் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் அண்ணனைக் கூப்பிட்டு, நீரே ஓட்டும் மச்சான், மீனை நான் கரையில் வாங்கிப் போடுகிறேன் என்றார். வண்டி ஓடின பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்த பேச்சு அது. அண்ணன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு இதுல கை வேண்டாம் மாப்பிள" என்றான். பிறகு அந்த எஞ்சினை அண்ணாச்சி கழற்றிக்கொண்டு போனார். யாரோ ஒருவர் தோட்டத்தில் அது மறுபடியும் தண்ணீர் இறைத்தது என்று கேள்வி.

ரோட்டில் நடக்கத்தான் இரண்டு காலும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். முங்குகிறவனைக் கல் கொண்டுபோகும், கயிறு கொண்டுவரும். மழை ஓய்ந்து கடல் தெளிந்தது. அவர் தோணிக்குக் குங்கிலியம் பூசிய கையைக் கழுவிவிட்டு, சங்கு போடுகிற வலைப்பையை எடுத்தார். நான் தடுத்தேன். டாக்டர் அம்மா சொன்னதைச் சொன்னேன், அழுதேன். வேறு என்ன உண்டு சொல் என்றார். அந்த வருஷம் யார் கயிறு பிடிப்பது என்று தெருவே காத்திருந்தது. அவருடைய தம்பி தானே வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பெண்கள் கரைக்குப் போகிற வழக்கம் இல்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். என்னை யாரும் போகச் சொல்லவும் இல்லை, போகாதே என்று சொல்லத் துணியவும் இல்லை.

தோணி தண்ணீரில் பாதி இறங்கி நின்றது. அண்ணன் அதன் பக்கத்தில் வராமல் தள்ளி நின்றான். இவர் நொண்டிக்கொண்டே போய்க் கயிற்றுச் சுருளை அவன் முன்னால் நீட்டினார்.

"வேற ஆளப் பாத்துக்கிடும் மாப்பிள. ஊரு என்னென்னமோ பேசுது."

"ஊரா என் கூட முங்கப் போவுது? பிடியும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் எதற்குப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும். நான் தலையசைத்தால் பிடிப்பான், முகத்தைத் திருப்பினால் போய்விடுவான். கரை முழுக்க என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தலையசைத்தேன். நம்பிக்கையில் அசைத்தேனா, அத்தனை பேர் முன்னால் என் அண்ணன் தலைகுனிந்து நிற்கக்கூடாது என்று அசைத்தேனா என்று இன்றுவரை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் வாங்கிக்கொண்டான். தோணி போயிற்று. சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். சிரிப்புச் சத்தம் இல்லை, அதனால் உலை வைக்கப் பிந்திவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவன் கையில்தான் அந்தக் கயிறு இருந்தது. ஒருநாளும் அவன் பிந்தவில்லை. ஒருநாளும் தவறி இழுக்கவில்லை. அதை நினைத்தால் அவன்மேல் எனக்கு மனம் இளகும். ஒருநாளும் தவறாத கை அந்த ஒருநாள் எப்படித் தவறியது என்று அடுத்த நிமிஷமே தோன்றும். அவன் உயிரோடு இருந்தவரை நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான். இல்லை என்று அவன் சொல்லிவிட்டால் நான் நம்பியே ஆகவேண்டும். நம்ப முடியாமல் போனால் எனக்கு அண்ணன் இல்லை.

எங்கள் வீட்டுக்காரரின் வலது காது மெல்ல மெல்லப் போயிற்று. முதலில் கோயிலின் சின்ன மணி கேட்கவில்லை, பெரிய மணி கேட்டது. பிறகு கதவைத் தட்டுவது கேட்கவில்லை. கடைசிப் பிள்ளை பேசிய மழலை அவருக்குக் கேட்டதா என்று எனக்குச் சந்தேகம்தான். முங்குவதை விட்டபோது அவருக்கு உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பழக்கம் வந்துவிட்டது. இப்போது எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகள்கூட வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள். கயிறும் இல்லை, மச்சானும் இல்லை. எங்கள் தெரு வாசலுக்கு முதல் மோட்டார் சைக்கிள் வந்து நின்று உறுமியபோது, அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். திரும்பியே பார்க்கவில்லை. நானும் தொட்டுக் காட்டவில்லை.

அண்ணன் எங்களுக்கு முன்னால் போனான். அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் எல்லோருக்கும் கஞ்சி. மதினி உள்ளே படுத்திருந்தாள். வாசலிலும் அடுத்த வீட்டிலும் ஊர் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் அடுக்களை ஓரத்தில் சுவரில் சாய்ந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி யாருக்கும் வலிக்காது என்று எனக்குத் தோன்றியது. கஞ்சியை அவர் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"இங்கேருங்க, எங்க அண்ணன் அன்னைக்கு வேணும்னே இழுத்தானா?"

அடுக்களையில் விளக்கு ஏற்றவில்லை. என் உதடு அவருக்குத் தெரிந்திருக்காது. "என்ன சொல்லுத?" என்றார், காது கேளாதவர்களுக்கே உள்ள பெரிய குரலில். வாசலில் பேச்சு நின்று எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவருக்குக் கேட்கவேண்டுமென்றால் கரையிலிருந்து தோணியைக் கூப்பிடுவதுபோல நான் கத்தவேண்டும். மதினிக்குக் கேட்கும். தெருவுக்கே கேட்கும். என் அண்ணன் குழியில் மண்கூடக் காயவில்லை.

"கஞ்சி ஆறுதுன்னேன்" என்று சத்தமாகச் சொன்னேன். அது அவருக்குக் கேட்டது. கிண்ணத்தை எடுத்துக் குடித்தார்.